கிரீன் கார்ட் லொத்தரில் 14 ஆயிரத்துச் சொச்சம் விழுந்திருக்கிறது, இதற்கு என்ன அர்த்தம்?

தீவகத்தான் (மே 2025)

வணக்கம். அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தரில் எனக்கு விழுந்திருக்கிறது. போன வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டது. பஸ்சுக்கு நிற்கும்போது கடை வாசலில் வரிசையைப் பார்த்து நானும் போய் நின்றேன், அவ்வளவுதான் என் திட்டமிடல். இந்த மாதத் தொடக்கத்தில் கடைக்காரர் போன் எடுத்து "தம்பி, உமக்கு விழுந்திட்டுது" என்றார். போய்ப் பார்த்தால் திரையில் ஒரு கடிதம். 2026, அதற்குப் பின்னால் ஏ.எஸ். என்று இரண்டு எழுத்து, அதற்குப் பின்னால் 14 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்.

அம்மா மறுநாளே நயினாதீவுக்குப் போய் அம்மனுக்குப் பொங்கிவிட்டு வந்துவிட்டார். ஊரில் எனக்கு விசா கிடைத்துவிட்டதாகவே கதை. ரொறன்ரோவில் இருக்கிற மாமா மட்டும் எண் பெரிதாக இருக்கிறது, காணியைக் கீணியை விற்றுவிடாதே என்கிறார். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் எனக்கு மூன்று பாடமும் நல்ல பெறுபேறு, அதைப் பார்த்துத்தான் எடுத்தார்களா? எண் என்றால் என்ன? இன்னொரு சிக்கல், இணையத்தில் முடிவைத் திறந்து பார்க்கத் தேவையான உறுதிப்படுத்தல் இலக்கத்தைக் கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார். இரண்டு லட்சம் கொடுத்தால்தான் தருவாராம்.


பனிக்கால வாசி

தம்பி, முதலில் அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்காதே. நானும் இதே லொத்தரில் வந்தவன்தான், பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, நியூ ஜெர்சியில் இருக்கிறேன்.

உன் ஏ.எல். பெறுபேற்றை யாரும் பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் பாடம், மதிப்பெண் எதுவும் கேட்பதே இல்லை. எதுவரை படித்தாய் என்று ஒரு கட்டம் மட்டும். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு, அல்லது கடைசி ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருடமாவது பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில் இரண்டு வருட அனுபவம், இதில் ஒன்று இருக்க வேண்டும். அதையும் நேர்முகத்தின்போதுதான் சரிபார்ப்பார்கள். குலுக்கலில் டொக்டரும் ஒன்றுதான், லேத் மெஷின் ஓட்டுகிறவரும் ஒன்றுதான்.

எப்படி எடுக்கிறார்கள் என்றால், உலகத்தை ஆறு பிராந்தியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, ஓசியானியா, வட அமெரிக்கா, அப்புறம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் கரீபியனும் சேர்ந்த ஒன்று. உன் எண்ணில் இருக்கிற ஏ.எஸ். ஆசியா. விண்ணப்பக் காலம் முடிந்த பிறகு ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் வந்த விண்ணப்பங்களைத் தனித்தனியாகக் கணினி கலைத்துப்போட்டு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்கும். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரிதான். மேலே இருந்து தேவையான அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த வரிசை எண்தான் உன் 14 ஆயிரம். அதற்காக உனக்கு முன்னால் 14 ஆயிரம் பேர் முழுசாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. ஒரே ஆள் இரண்டு தரம் போட்டது, படம் சரியில்லாதது என்று தள்ளுபடியானவை போக நடுவில் நிறைய ஓட்டை இருக்கும், எண்கள் தொடர்ச்சியாக இருக்காது.

இனித்தான் முக்கியமான விஷயம். சட்டப்படி வருடத்துக்கு 55,000 விசா. அதிலும் வேறு சில திட்டங்களுக்காகக் கொஞ்சம் கழிந்துவிடும், 1999 முதல் இப்படித்தான். ஆனால் தெரிவு செய்கிறவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2025ஆம் ஆண்டுக்கான குலுக்கலுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி விண்ணப்பம் வந்தது, தெரிவானவர்கள் குடும்பத்தினரோடு சேர்த்து 1,31,000க்கு மேல். பாதிப் பேர் பாதி வழியில் நின்றுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் இப்படிக் கூடுதலாக எடுக்கிறார்கள்.

ஊரில் சின்ன வயதில் அம்மா என்னை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போவார். பின்னேரம் நான்கு மணிக்குத் துண்டு கொடுப்பார்கள். கேட்கிற எல்லோருக்கும் கொடுப்பார்கள், நூறுக்கு மேலேயும் போகும். டொக்டர் இரவு ஒன்பது மணிக்கு எழும்பிப் போய்விடுவார். 92ஆம் துண்டு வைத்திருக்கிறவருக்குத் துண்டு இருக்கிறது, மருந்து இல்லை. இங்கே ஒன்பது மணி என்பது செப்டெம்பர் 30. அமெரிக்க அரசின் நிதியாண்டு அன்றோடு முடியும். உனக்கு 2026 செப்டெம்பர் 30. அன்று நள்ளிரவு தாண்டினால் உன் கடிதம் வெறும் கடதாசி, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரமாட்டார்கள்.

ஒவ்வொரு மாதமும் வெளியுறவுத்துறை விசா புல்லட்டின் என்று ஒன்று போடும். அதில் ஆசியாவுக்கு ஓர் எண் இருக்கும். உன் எண் அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒக்டோபரில் சின்ன எண்ணில் தொடங்கி மாதாமாதம் ஏறும். நேபாளத்துக்கும் ஈரானுக்கும் பக்கத்திலேயே தனி எண் போடுகிற வழக்கமும் உண்டு, ஆசியாவில் ஆயிரக்கணக்கில் தெரிவாகிறவர்கள் அவர்கள்தான். ஒரு நாட்டுக்கு ஏழு வீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி, அதாவது 3,850. அவர்கள் அந்த உச்சவரம்புக்குப் பக்கத்தில் போய் முட்டுவார்கள். நாங்கள் இலங்கை ஆட்கள் அதைவிட மிகக் குறைவு, நாட்டு வரம்பு எங்களைத் தொடாது. எங்களுக்கு எதிரி நாட்காட்டிதான்.

மாமா சொன்னது சரி. 14 ஆயிரம் ஆசியாவுக்குப் பெரிய எண்.


திருச்சி கார்த்தி

ஒரு சந்தேகம். நான் ரெண்டு வருஷமா இதுக்கு அப்ளை பண்ணலாம்னு பார்க்கிறேன், நாடு தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்தியா எடுக்க மாட்டேன் என்கிறது. ஹெச்1பி லாட்டரியில் மூன்று முறை தோற்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன், எங்கள் மேல் என்ன கோபம்?


பனிக்கால வாசி

கோபம் ஒன்றுமில்லை, நீங்கள் ஏற்கெனவே நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். கடைசி ஐந்து வருடத்தில் குடும்பம் வழியாகவும் வேலை வழியாகவும் 50,000 பேருக்கு மேல் கிரீன் கார்ட் பெற்ற நாடு என்றால் அந்த நாடு வெளியே. இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் போனவை. கனடாவும் பட்டியலில் இல்லை. இதனால் ஒரு வேடிக்கை, வட அமெரிக்கா என்ற பிராந்தியத்தில் மிஞ்சுவது பஹாமாஸ் ஒன்றுதான்.

இதே கணக்கைப் பிராந்தியத்துக்கும் போடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து குறைவாக வந்தார்களோ அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் இடம். அதனால்தான் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், ஆசியாவுக்குச் சின்னத் துண்டு.

ஹெச்1பி குலுக்கல் வேறு. அங்கே உங்கள் பெயரைப் போடுவது கம்பெனி, கிடைப்பது தற்காலிக வேலை விசா. இங்கே நீங்களே போடுகிறீர்கள், கிடைத்தால் நேரே நிரந்தர வதிவிடம்.


எதையும் நம்பாதவன்

எல்லாம் செட்டிங் சார். கணினியாவது கலைப்பதாவது. முதல் நாளே போடுகிறவனுக்குத்தான் விழும். என் நண்பன் ஒருவன் முதல் நாள் போட்டான், விழுந்தது. நான் கடைசி நாள் போட்டேன், எட்டு வருஷமா எதுவும் இல்லை.


மேசைவிளக்கு

நம்பாதவன் அவர்களே, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு தடவை நடந்தது. அதைக் கொண்டுதான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2012ஆம் ஆண்டுக்கான குலுக்கல். 2011 மே 1ஆம் தேதி முடிவு வந்தது, சுமார் 22,000 பேர் இணையதளத்தில் போய்த் தங்களுக்கு விழுந்ததைப் பார்த்துவிட்டார்கள். ஒருவன் வேலையை விட்டிருப்பான், ஒருத்தி கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பாள். இரண்டு வாரத்துக்குள் வெளியுறவுத்துறை முடிவு செல்லாது என்று அறிவித்துவிட்டது. காரணம், நிரலில் பிழை. தெரிவானவர்களில் 90 சதவீதம் பேர் விண்ணப்பம் திறந்த முதல் இரண்டு நாளில், அதாவது 2010 அக்டோபர் 5, 6 தேதிகளில் போட்டவர்கள். சட்டம் சொல்வது முற்றிலும் தற்செயலான தெரிவு, இது தற்செயல் இல்லை, ஆகவே மறுபடி குலுக்குகிறோம் என்றார்கள். ஜூலையில் புது முடிவு வந்தது. முதல் பட்டியலில் இருந்தவர்கள் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், தோற்றார்கள்.

முந்திக்கொண்டவனுக்கு விழுவதுதான் முறை என்றால் அதை ஏன் ரத்து செய்ய வேண்டும்? அந்த 22,000 பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, உலகமே சிரிக்கும்படி?

ஆனால் ஒன்று, முந்திக்கொண்டவனுக்கே என்ற முறையும் ஒரு காலத்தில் இருந்தது. 1990 சட்டத்தில்தான் இப்போதைய திட்டம் பிறந்தது, அது 1995ஆம் நிதியாண்டில் நடைமுறைக்கு வரும்வரை மூன்று வருடத்துக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு. வருடத்துக்கு 40,000 விசா, அதில் 40 சதவீதம் அயர்லாந்துக்கென்றே ஒதுக்கியது. பிராந்தியச் சமநிலை என்று இன்றைக்குப் பேசுகிற திட்டத்தின் வேர் இதுதான், ஐரிஷ்காரர்களுக்கு வழி செய்யப் போய் ஆப்பிரிக்காவுக்குக் கதவு திறந்துவிட்டது. 1991 அக்டோபரில் முதல் தடவை, வர்ஜீனியாவில் மெரிஃபீல்டு என்ற ஊரின் தபால் நிலையத்துக்குத்தான் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஓர் ஆள் எத்தனை கடிதம் வேண்டுமானாலும் போடலாம், குறித்த நேரத்துக்குப் பிறகு முதலில் வந்து சேர்வதற்கே இடம். விளைவு என்ன? ஆளுக்கு நூற்றுக்கணக்கில் கடிதத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய் தபால் பெட்டிகளுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். இப்போது ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான், இரண்டு போட்டால் இரண்டும் போச்சு.


பினாங்கு மல்லிகா

ஆளுக்கு ஒன்றுதான், ஆனால் கணவன் பெயரில் ஒன்று மனைவி பெயரில் ஒன்று போடலாம், இருவருக்கும் தகுதி இருந்தால். ஒருவர் விண்ணப்பத்தில் மற்றவர் பெயர் இருக்க வேண்டும். யாருக்கு விழுந்தாலும் இருவரும் போகலாம். மலேசியாவும் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் அப்படித்தான் போடுகிறோம்.

ஆனால் பிள்ளைகள் பெயரை விட்டுவிடாதீர்கள். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு விழுந்தது. மூத்த மகள் முதல் மனைவியின் பிள்ளை, தாயோடு ஈப்போவில் இருக்கிறாள், கூட வரப்போவதில்லை, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார். நேர்முகத்தில் அதிகாரி சிரித்த முகத்தோடுதான் கேட்டாராம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. இவர் மூன்று என்றார். விண்ணப்பத்தில் இரண்டு இருந்தது. அவ்வளவுதான். 21 வயதுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளை என்றால் கூட வந்தாலும் வராவிட்டாலும் எழுத வேண்டும். ஆளுக்கு 330 டாலர் கட்டணம், நான்கு பேருக்குக் கட்டியது, திரும்பி வராது. அண்ணி இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.


கோத்தகிரி தேயிலை

நான் நீலகிரி. என் மனைவி பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், 1979இல். மலையகத் தமிழரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவங்க குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை எழுதியிருந்தது, 1983இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி இங்கே வந்து சேர்ந்தார்கள். இப்போது பாஸ்போர்ட், ஆதார் எல்லாம் இந்தியா. எங்களுக்கு வழி இருக்கிறதா?


பனிக்கால வாசி

அண்ணே, உங்கள் மனைவிக்கு வழி இருக்கிறது! பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் அவர் பிறந்தது இலங்கை, அந்தப் பெயரில் விண்ணப்பிக்கலாம். நீங்களும் தனியாகப் போடலாம், மனைவியின் பிறந்த நாட்டைக் கடன் வாங்கிக்கொள்ள விதி இருக்கிறது. அப்படிக் கடன் வாங்கினால் இரண்டு பேருக்கும் விசா கிடைத்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அமெரிக்காவுக்குள் போக வேண்டும், நீங்கள் முதலில் போய் அவரைப் பிறகு கூப்பிடுவது நடக்காது. அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா?


கோத்தகிரி தேயிலை

அதுதான் இல்லை. மாமனார் தகரப் பெட்டியில் வைத்திருந்தார், கரையான் தின்றுவிட்டது. ஒரு மூலை மட்டும் மீதி, அதில் தோட்டத்தின் பெயர் பாதி தெரிகிறது.


மேசைவிளக்கு

பிறந்த திகதியும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தால் நுவரெலியா மாவட்டப் பதிவில் தேடி நகல் எடுக்கலாம். அங்கே உறவினர் யாராவது இருந்தால் சுலபம்.


மண்டபம் 90

இதைப் படித்ததும் எனக்கும் ஒரு நம்பிக்கை. அப்பா அம்மா இருவரும் மன்னார். 1990இல் படகில் வந்தார்கள். நான் மண்டபம் முகாமில் பிறந்தவன், இந்தியக் குடியுரிமை இன்னும் இல்லை. நான் இலங்கை என்று போடலாமா? இந்தியாவில் பிறந்த குற்றத்துக்கு இதிலும் அபராதமா?


பனிக்கால வாசி

விதி இப்படித்தான் எழுதியிருக்கிறது. நீ பிறந்த நாட்டில் உன் பெற்றோர் இருவருமே பிறக்கவில்லை, நீ பிறந்த நேரத்தில் அங்கே வதிவிடமும் இல்லை என்றால், அவர்களில் ஒருவர் பிறந்த நாட்டை நீ எடுத்துக்கொள்ளலாம். முதல் பாதி உனக்குப் பொருந்துகிறது. சிக்கல் வதிவிடம் என்ற சொல்லில். வருகையாளராக, படிக்க, வேலை நிமித்தம் தற்காலிகமாக வந்து தங்கியவர்களை வதிவாளராகக் கருதுவதில்லை என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அகதி முகாம் என்று அந்த வரியில் இல்லை. நேர்முகத்தில் இருக்கிற அதிகாரிதான் முடிவு செய்வார். போடுவதானால் முகாம் பதிவு அட்டை, வந்திறங்கிய திகதி உள்ள காகிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வை, 330 டாலர் போனாலும் போகும் என்று தெரிந்தே இறங்கு.

உன் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி.


தீவகத்தான்

எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போனேன். கடைக்காரர் இப்போது ஒன்றரை லட்சத்துக்கு இறங்கியிருக்கிறார். மேசையில் கொப்பி ஒன்று வைத்திருக்கிறார், சிவப்பு மட்டை, அதில் வரிசையாகப் பெயரும் இலக்கமும். என் பெயருக்கு நேரே பச்சைப் பேனாவால் வட்டம். அதைக் கையால் மறைத்துக்கொண்டு கதைக்கிறார்.


பனிக்கால வாசி

எந்த மின்னஞ்சல் கொடுத்துப் போட்டார்? இணையதளத்திலேயே இலக்கத்தை மறந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் மூன்றும் சரியாக இருந்தால் இலக்கத்தைக் காட்டிவிடும்.


தீவகத்தான்

அண்ணை, கிடைத்துவிட்டது! என் ஜிமெயிலைத்தான் போட்டிருக்கிறார், அன்றைக்கு நான் போனில் எழுதிக் காட்டியது ஞாபகம். கடைக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, நாளைக்குப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.


எதையும் நம்பாதவன்

சொல்லும்போது ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி.


மேசைவிளக்கு

தீவகத்தான், இனி உங்கள் வேலை டிஎஸ் 260 என்ற குடிவரவு விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்புவது. அதற்குப் பிறகு காத்திருப்பு. "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள், பணம் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள், தெரிவான செய்தியை அவர்கள் மின்னஞ்சலில் சொல்வதே இல்லை. கட்டணத்தை நேர்முகத்தன்று கொழும்பில் தூதரகத்தில்தான் கட்ட வேண்டும்.

காலக்கெடு பற்றி ஒரு செய்தி மட்டும். 2020இல் கோவிட் சமயத்தில் டிரம்ப் அரசு குடிவரவு விசாக்களை நிறுத்தியபோது தெரிவானவர்கள் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 30 தாண்டியும் 9,000க்கு மேல் விசாக்களை ஒதுக்கி வைக்கும்படி கீழ் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கிவிட்டது, நிதியாண்டு முடிந்தால் நீதிமன்றமே சொன்னாலும் கொடுக்க முடியாது என்று. நாட்காட்டிதான் எதிரி என்று மேலே சொன்னாரே, அது வெறும் பேச்சு இல்லை.


தீவகத்தான் (ஜனவரி 2026)

பழைய இழையை மேலே தூக்கியதற்கு மன்னிக்கவும். நிலவரம் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தீர்கள்.

படிவம் எப்போதோ அனுப்பியாகிவிட்டது. ஒக்டோபரிலிருந்து மாதாமாதம் புல்லட்டின் பார்த்தேன், என் எண் பக்கத்தில்கூட வரவில்லை. டிசம்பரில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சுட்டவர் 2017இல் இந்த லொத்தர் வழியாக வந்தவர் என்று சொல்லித் திட்டத்தையே இடைநிறுத்தி வைத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். செப்டெம்பர் 30 மட்டும் இடைநிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

காணி விற்கவில்லை. மாமா சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று, மாரிமழைக்குப் பிறகு கத்தரி போட்டிருக்கிறோம். அம்மா மட்டும் யார் கேட்டாலும் "அவனுக்கு நம்பர் இருக்கு" என்கிறார்.


கோத்தகிரி தேயிலை

தம்பி, இங்கேயும் ஒரு செய்தி. மனைவியின் சித்தப்பா மகன் ஹட்டனில் அலைந்து திரிந்து பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து அனுப்பிவிட்டான், போன மாதம் வந்தது. சிங்களத்தில் இருக்கிறது, பெயரில் ஓர் எழுத்து பிழை என்று மொழிபெயர்த்தவர் சொன்னார். வழக்கமாக அக்டோபரில் திறக்கும் விண்ணப்பம் இந்தத் தடவை திறக்கவே இல்லை. இனிமேல் விண்ணப்பிக்கவே 1 டாலர் கட்டணமாம், வருஷக்கணக்காக இலவசமாக இருந்தது. சரி, அது கிடக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த அங்கே யாருக்கு மனுப் போட வேண்டும், யாருக்காவது தெரியுமா?